இரண்டாவது புதன்கிழமை

கிதர் முகம்மதுவின் மருந்து மொத்த விற்பனைக் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், எதிரெதிரே இரண்டு வேன் வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிற சந்தில் இருந்தது கடை. வடமதுரை, சின்னாளபட்டி, கொடைரோடு, நத்தம் என்று சுற்றுவட்டாரத்தில் நூற்று நாற்பது மெடிக்கல் ஷாப்புகளுக்கு அங்கிருந்துதான் மருந்து போகும். பில் போடுகிறவள் செபஸ்தியம்மாள். மேட்டுப்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். பதின்மூன்று வருஷமாகக் கையால் பில் எழுதியவள். வாயில் நுழையாத மருந்துப் பெயரைக்கூட ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுவாள்.

மதுரைக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார். பஸ் கிளம்பப் போகிறது என்பது போல் அவ்வளவு வேகமாகப் பேசினார். செபஸ்தியம்மாள் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் குறித்துக்கொண்டாள். இரண்டை அமுக்கினால் புது பில். எட்டை அமுக்கினால் பிரிண்ட். எஸ்கேப்பை அமுக்கினால் வெளியே. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நாளுக்கு நூறு பில் போட்டாள். திரையின் மேல் வரிசையில் வேறு பத்துப் பெயர்கள் இருந்தன. அவை அவளுக்குப் பக்கத்து வீட்டு அறைகள் மாதிரி. எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டார்கள். அரை நாள் பயிற்சி வைத்தார்கள். அன்றைக்கு அவளுடைய சின்ன மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மைச் சடங்கு. லீவு போட்டிருந்தாள். மறுநாள் வந்தபோது குடோனைப் பார்த்துக்கொள்ளும் உடையப்பன்தான் விஷயத்தைச் சொன்னான்.

"எலி மாதிரி ஒண்ணு குடுத்திருக்காகக்கா. அத நகட்டுனா உள்ள அம்பு நகருது."

"வேற என்ன சொன்னாக?"

"வேற என்னென்னமோ சொன்னாக. நான் லோடு எறக்கப் போயிட்டேன்."

பில் போடும் கட்டம் பழைய மாதிரியே இருந்தது. செபஸ்தியம்மாள் மூச்சு விட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. இரண்டாயிரத்து இரண்டு ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மருந்துக் கம்பெனியிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கிற சளி சிரப். அதில் ஒரு குறிப்பிட்ட பேட்சில் மருந்தின் வீரியம் அளவுக்கு மேல் கூடிவிட்டது. உடனே விற்பனையை நிறுத்தவும், திருப்பி அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள்.

கிதர் முகம்மது அதை இரண்டு தடவை படித்தார். உடையப்பனைக் கூப்பிட்டார். அந்த பேட்சில் முப்பது பெட்டி வந்திருந்தது. குடோனில் ஒரு பாட்டில்கூட மிச்சமில்லை.

"எந்தெந்தக் கடைக்குப் போச்சு?" என்று செபஸ்தியம்மாளிடம் கேட்டார்.

"பில்லுல பேட்ச் நம்பர் அடிச்சிருக்கும் மொதலாளி. எடுத்துப் பாத்துருவோம்."

ஆறு வார பில்கள். மூவாயிரத்துக்கு மேல். நகல்களைக் கயிறு போட்டுக் கட்டி அலமாரிக்கு மேலே அடுக்கியிருந்தார்கள். கீழே இறக்கி, பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கார்பன் மை மங்கி, பாதி எழுத்துகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரிந்தன. முதலாளி ஒரு பக்கம் போன் இருந்த கடைகளுக்கெல்லாம் பேசினார். கடைக்காரர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அந்த சிரப்பு நாலு பேட்சு கலந்து கெடக்கு பாய், ஒண்ணொண்ணா பாக்க முடியாது. எந்தத் தேதி பில்லு, எத்தன பாட்டிலுன்னு சொல்லுங்க, எடுத்து வச்சிர்றேன்." கொடைரோட்டில் ஒருவர் முன்வரிசையை மட்டும் பார்த்துவிட்டு, "அந்த நம்பரு எங்கிட்ட இல்ல" என்று போனை வைத்துவிட்டார்.

செவ்வாய், புதன், வியாழன் போயின. உடையப்பன் மொபெட்டில் வடமதுரைக்கும் சின்னாளபட்டிக்கும் அலைந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஈரம்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாள்களைச் செபஸ்தியம்மாள் நகத்தால் பிரித்தாள். அடியில் இருந்தது கொடைரோட்டுக் கடையின் பில். பன்னிரண்டு பாட்டில்.

உடையப்பன் போய்ப் பார்த்தபோது பதினொன்றுதான் இருந்தது. ஒன்றைப் புதன்கிழமை சாயங்காலம் விற்றிருந்தார்கள்.

அது ஒன்றரை வயசுப் பெண் குழந்தைக்குப் போயிருந்தது. வியாழக்கிழமை முழுக்கக் குழந்தை கண் திறக்கவில்லை. பால் குடித்தால் வாந்தி. பயந்துபோய்த் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கடைக்காரர் மூலமாகத் தகவல் தெரிந்ததும் கிதர் முகம்மது தானே போய் டாக்டரிடம் ஃபேக்ஸைக் காட்டினார். ஆபத்து இல்லை, இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை காலையில் செபஸ்தியம்மாள் யாரிடமும் சொல்லாமல் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறு ஆரஞ்சுப் பழமும் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டாள். கட்டிலில் குழந்தை உட்கார்ந்து, கையில் ஊசிக்கு மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அம்மாவுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கலாம். பாண்டீஸ்வரி என்று பெயர்.

"நீங்க யாருக்கா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள் செபஸ்தியம்மாள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

"அந்த மருந்து எங்க கடையில இருந்துதான் போச்சும்மா. விக்காதீகன்னு செவ்வாக்கெழமையே எங்களுக்குச் சொல்லிட்டாக. எந்தக் கடைக்குக் குடுத்தோம்னு தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்கு வெள்ளிக்கெழம ஆயிருச்சு."

பாண்டீஸ்வரி அவளைத் திட்டவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துப் பிளாஸ்திரியிலிருந்து விலக்கினாள்.

"நாலு நாளா தேடுனீக?"

"ஆமா."

"நாங்க புதங்கெழமதான் வாங்குனோம்" என்றாள் பாண்டீஸ்வரி. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தது போலச் சொன்னாள். பிறகு ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். ஒரு சுளையைச் செபஸ்தியம்மாளிடமும் நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்த செபஸ்தியம்மாளால் வெகு நேரம் அதைத் தின்ன முடியவில்லை.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து இளவேனில் என்ற பெண் வந்தாள். பிரிண்டர் தாளைக் கடித்துக் கடித்துத் துப்பியது. அதைச் சரிபார்க்க வந்தவள். வேலை முடிந்து கை கழுவிவிட்டு டீக்காக உட்கார்ந்திருந்தவளிடம், பேச்சோடு பேச்சாகச் செபஸ்தியம்மாள் கேட்டாள்.

"ஏம்மா, ஒரு பேட்சு எந்தெந்தக் கடைக்குப் போச்சுன்னு இதுல பாக்க வழி ஏதும் இருக்கா?"

"இருக்கேக்கா."

இளவேனில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேல் வரிசையில் ஐந்தாவது பெயரைத் தொட்டாள். அதற்குள் ஏழாவதைத் தொட்டாள். கட்டத்தில் பேட்ச் நம்பரை அடித்தாள். டீ கொண்டுவந்த உடையப்பன் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் திரையில் பட்டியல் நின்றது. கடைப் பெயர், ஊர், பில் தேதி, எத்தனை பாட்டில், போன் நம்பர். கொடைரோடும் இருந்தது.

செபஸ்தியம்மாள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"இது எப்பருந்து இருக்கு?"

"ரெண்டு வருஷமாக்கா. புதுசு மாத்துனோமே, அப்பருந்து."

"எங்களுக்கு யாரும் சொல்லலையேம்மா!"

"அரை நாள் டிரெய்னிங்ல சொல்லியிருப்பாங்களேக்கா..." என்று இழுத்தாள் இளவேனில். உடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். நடந்ததை அவனே இளவேனிலுக்கு எடுத்துச் சொன்னான். ஃபேக்ஸ், மூவாயிரம் பில், ஒட்டிக்கொண்டிருந்த தாள், குழந்தை. அவள் டீயைக் குடிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கிதர் முகம்மது விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, ஒரு நாள் வந்து எல்லாத்தையும் திரும்பச் சொல்லச் சொல்லுவோம்" என்றார்.

பதினேழு வருஷத்தில் செபஸ்தியம்மாள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. லீவுகூடத் தயங்கித் தயங்கித்தான் கேட்பாள். அன்றைக்கு அவர் மேஜைக்கு முன்னால் நின்றபடி, "ஒரு நாள் வேணாம் மொதலாளி" என்றாள்.

"பின்ன?"

"மாசா மாசம் வேணும். ஒரு நாளு சொல்லிக் குடுத்துட்டுப் போனாகன்னா நாங்க அந்த ஒரு நாளுலயே நின்னுபோயிருவோம். அவுக மாத்திக்கிட்டே இருக்காக. நாங்க மாத்துனது தெரியாம பழசையே அமுக்கிக்கிட்டு இருக்கோம். எனக்கு மட்டுமில்ல, உடையப்பனுக்கும் சொல்லணும். சேல்ஸுக்குப் போற ரெண்டு பேருக்கும் சொல்லணும். நான் லீவுல இருந்தா கடைக்குக் கண்ணு தெரியாமப் போயிரக் கூடாது."

"மத்தியானம் பில்லு யாரு போடுவா?"

"ரெண்டு மணியில இருந்து நாலு வரைக்கும். மாசத்துல ஒரு நாளு. அந்த ரெண்டு மணி நேரத்துல எந்தக் கடையும் மூடிப்போயிராது மொதலாளி."

கிதர் முகம்மது தாடியைத் தடவிக்கொண்டு அவளையே பார்த்தார். ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தையைப் பார்த்தவர் அவரும்தான். "எந்தக் கெழம?" என்றார்.

இப்படித்தான் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை அந்தக் கடையில் வகுப்பு நாள் ஆனது. ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைப்பார்கள். இளவேனில் மதுரையிலிருந்து ஒரு மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவளுக்காகச் செபஸ்தியம்மாள் வீட்டிலிருந்து ஒரு தூக்குச் சட்டியில் சோறும், கீரையோ கருவாடோ ஏதாவது ஒரு வெஞ்சனமும் கொண்டுவருவாள். முதல் மாதம் இளவேனில் வேண்டாம் என்றாள். மூன்றாவது மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, "இன்னைக்கு என்னக்கா?" என்று கேட்டாள்.

உடையப்பனுக்கு மவுஸ் பிடிபடவே இரண்டு வகுப்பு ஆனது. பெட்டி தூக்கிக் காய்த்துப்போன கை. அம்பு ஒரு மூலைக்கு ஓடிவிடும். அதைத் தேடிக்கொண்டு மவுஸை மேஜையின் விளிம்பு வரைக்கும் கொண்டுபோவான்.

"அண்ணே, தூக்கி வச்சுக்கங்க. அது ஒண்ணும் கோவிச்சுக்காது" என்பாள் இளவேனில்.

"தூக்குனா எறங்க மாட்டேங்குதேம்மா."

எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் விடமாட்டான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து அம்பை நகர்த்திப் பழகினான். அவனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் இருட்டில்கூட எந்த மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது வகுப்பில்தான் அது நடந்தது. இளவேனில் எல்லோரையும் ஆளுக்கொரு பேட்சைத் தேடச் சொன்னாள். உடையப்பனுக்கு வந்தது ஒரு இருமல் மருந்து. பட்டியலைப் பார்த்தவன், "இது தப்பும்மா" என்றான்.

"எதுண்ணே?"

"நாப்பத்தெட்டு பாட்டிலு நான் என் கையால ஏத்தி அனுப்புனேன். இது முப்பத்தாறுன்னு காட்டுது."

கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டாது என்று சேல்ஸ்காரர் ஒருவர் சொன்னார். உடையப்பன் குடோனுக்குள் போய் அந்தப் பெட்டியின் அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தான். அட்டையில் இருந்த எழுத்தையும் திரையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்கள். செபஸ்தியம்மாள்தான் முதலில் கண்டாள். நம்பருக்கு நடுவில் இருந்தது பூஜ்யம். ஒரு தடவை வந்த சரக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அதைப் பூஜ்யமாக அடித்திருந்தாள். இன்னொரு தடவை ஆங்கில 'ஓ' எழுத்தாக அடித்திருந்தாள். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு வேறு பேட்ச். ஒன்றைத் தேடினால் மற்றொன்று வராது.

செபஸ்தியம்மாள் அட்டையைக் கீழே வைத்தாள். "அப்ப ஆகஸ்டுலயே இந்த ரிப்போர்ட்டு தெரிஞ்சு தேடியிருந்தாலும், ஒரு கடை விட்டுப்போயிருக்கலாம், இல்லையாம்மா?"

"விட்டுப்போயிருக்கலாம்க்கா" என்றாள் இளவேனில் மெதுவாக. "எனக்கே இது தோணல."

அன்றைக்கு அவர்களாகவே ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். சரக்கு ஏற்றும்போது உடையப்பன் அட்டையைப் பார்த்து உரக்கப் படிப்பான். எழுத்தா, எண்ணா என்று சேர்த்துச் சொல்வான். செபஸ்தியம்மாள் அடித்துவிட்டுத் திரும்பப் படிப்பாள். கடைக்கு வந்தவர்களுக்கு அது ஏதோ ஜெபம் சொல்கிற மாதிரி இருக்கும். இளவேனில் மதுரைக்குப் போய்த் தன் கம்பெனியில் சொன்னாள். நான்கு மாதம் கழித்து வந்த புதுப் பதிப்பில், எழுத்தும் பூஜ்யமும் குழம்பும்படி நம்பர் இருந்தால் ஒரு தடவை நிறுத்திக் கேட்கிற மாதிரி மாற்றியிருந்தார்கள். அதைக் காட்டிய நாளில் உடையப்பன் தன் செலவில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தான்.

வருஷங்கள் போயின. காலாவதி ஆகப்போகிற மருந்தை மூன்று மாதம் முன்பே எடுத்து வைப்பது எப்படி என்று ஒரு புதன்கிழமை. ஐஸில் வைக்க வேண்டிய மருந்துக்குத் தனிப் பட்டியல் போடுவது எப்படி என்று இன்னொரு புதன்கிழமை. சில மாதங்களில் புதிதாக ஒன்றும் இருக்காது. பழையதையே திரும்பச் செய்து பார்ப்பார்கள். அந்த மாதிரி நாட்களில் முதலாளி வாசலில் நின்று, "இன்னைக்கும் அவசியமா?" என்பார். "அவசியந்தான் மொதலாளி" என்பாள் செபஸ்தியம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

இரண்டாயிரத்து ஐந்தில் திரையின் மேல் வரிசையில் இருந்த எல்லாப் பெயர்களையும் இடம் மாற்றிவிட்டார்கள். ஐந்தாவதில் இருந்த ரிப்போர்ட் ஒன்பதாவதுக்குப் போனது. "வீட்டுக்குள்ள அடுப்படியத் தூக்கி வாசல்ல வச்ச மாதிரி இருக்கு" என்று அவள் கோபித்துக்கொண்டாள். இரண்டு வகுப்பில் அதுவும் பழகிவிட்டது.

இரண்டாயிரத்து ஆறில் ஊர் முழுக்கச் சிக்குன்குனியா. செபஸ்தியம்மாளும் படுத்துவிட்டாள். விரல் மடங்கவில்லை. கட்டிலை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்தால்தான் நடை. அந்த வாரம் ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கடைக்கு ஃபேக்ஸ் வந்தது. இந்தத் தடவை வேறு கம்பெனி, கண்ணில் விடுகிற சொட்டு மருந்து. பாட்டில் சுத்தமில்லை, கண்ணுக்குக் கெடுதல், உடனே நிறுத்தவும் என்று இருந்தது.

கிதர் முகம்மதுவின் கை போனைத் தேடியது. "செபஸ்தியம்மாவுக்குப் போட்டுக் கேக்கவா?"

"வேணாம் மொதலாளி. அவுகளே முடியாமக் கெடக்காக" என்றான் உடையப்பன். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒன்பதாவது பெயர். அதற்குள் நான்காவது. நம்பரை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தான். முதலாளி ஃபேக்ஸைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று திரும்பப் படித்தார். முப்பத்தொரு கடை வந்தது. பிரிண்ட் எடுத்துப் பாதியை அவரிடம் கொடுத்தான்.

"நத்தம் பக்கம் நீங்க போன் போடுங்க மொதலாளி. இங்கிட்டு நான் போடுறேன்."

பில் நம்பர், தேதி, எத்தனை பாட்டில் என்று சொல்லச் சொல்ல எதிர்முனையில் ஆட்கள் தட்டிலிருந்து எடுத்து எண்ணிச் சொன்னார்கள். ஒரு மணிக்குள் முப்பத்தொரு கடையிலும் மருந்து தனியே எடுத்து வைக்கப்பட்டுவிட்டது. விற்றுப்போயிருந்தவை ஒன்பது. வாங்கினவர்களில் ஏழு பேரைக் கடைக்காரர்களுக்கே தெரியும். மீதி இரண்டு பேரைச் சீட்டு எழுதிய டாக்டர் மூலமாகப் பிடித்தார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் ஒன்பதும் திரும்பி வந்தன. அதில் மூன்றின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

செவ்வாய் சாயங்காலம் உடையப்பன் மேட்டுப்பட்டிக்குப் போனான். செபஸ்தியம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்து அவள் மடியில் வைத்தான்.

"என்னடா இது?"

"பாருங்கக்கா."

கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். வீங்கின விரலை ஒவ்வொரு கடைப் பெயருக்கும் கீழே வைத்து நகர்த்தினாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உடையப்பனின் கோணல் எழுத்தில் எத்தனை போனது, எத்தனை வந்தது என்று இருந்தது. முப்பத்தொன்றும் முடியும் வரை அவள் தலை நிமிரவில்லை.

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பீக."

"வந்திருப்பேந்தான்" என்றாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "மொதலாளி என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா. நேத்துச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, அவருக்கும் அந்த ரிப்போர்ட்ட எடுக்கச் சொல்லிக்குடுன்னாரு. மவுஸு அவருக்கும் மூலைக்கே ஓடுது."

செபஸ்தியம்மாள் வலியையும் மறந்து சத்தமாகச் சிரித்தாள். அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு ரெண்டாவது புதன்" என்றான் உடையப்பன், காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "இளவேனிலு வருது. நீங்க வர வேணாம், நான் கேட்டு வந்து சொல்றேன்."

"நீ சொல்லுவ. லோடு எறக்கப் போயிட்டேன்னு வந்து சொல்லுவ."

மறுநாள் இரண்டு மணிக்குச் செபஸ்தியம்மாளை மகள் ஆட்டோவில் கூட்டிவந்து இறக்கினாள். பாதி இறங்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிய முடியாமல் அவள் நின்றதைப் பார்த்த கிதர் முகம்மது, தானே வந்து இரண்டு கையாலும் அதை மேலே தூக்கிவிட்டார்.